எங்கள் வீட்டில் கேட்காத விசில்

எங்கள் வீட்டுக் குக்கரில் துவரம் பருப்பு நான்கு விசிலில் வெந்துவிடும். ஐந்தாவதை விட்டால் குழைந்துவிடும். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், என் காது நன்றாகக் கேட்கும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கக் கூடாது. இப்போதும் கேட்கிறது. சம்பவம் நடந்த அன்றும் கேட்டது.

சார்பு ஆய்வாளர் ஜெபமலர் மேடம் அவர்களுக்கு, நேற்று நீங்கள் மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் புகார் மனுவும் இந்த வாக்குமூலமும் ஒரே கையெழுத்தில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டையும் எழுதியது நான்தான். என் கணவர் குற்றாலிங்கம் முப்பத்தைந்து வருடம் காவல்துறையில் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். கையெழுத்து அழகாகப் போடுவார். கையெழுத்துக்கு மேலே வர வேண்டிய எல்லாவற்றையும் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் எழுதி வருகிறேன். அருவியில் வழுக்கி விழுந்தவர்கள், சங்கிலியைத் தொலைத்தவர்கள், எண்ணெய் தேய்த்துவிட்டவரோடு சண்டை போட்டவர்கள் பற்றிய அறிக்கைகள் எல்லாம் என் சமையலறை மேடையில் உருவானவை.

அதே பழக்கத்தில், போன வாரம் காலில் கட்டோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, என்மேல் புகார் எழுத என்னையே கூப்பிட்டார்.

"எழுது. என் மனைவி அனுசியா என்னோட விசில் சத்தத்தத் திருடிட்டா."

"திருடிட்டான்னு போட்டா நிக்காதுங்க. திருடுன பொருள எங்கன வச்சிருக்கான்னு கேப்பாங்க. உள்நோக்கத்தோட கேளாமல் இருந்தாள்னு போடுவோமா?"

"சரி, அப்படியே போடு. நீ தப்பிச்சுரக் கூடாதுல்லா" என்றார். நானும் அப்படியே போட்டேன். அந்த மனுவில் நீங்கள் பாராட்டிய நடை என்னுடையது.

இனி விசிலுக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் இவருக்குச் சால்வை போட்டு, சிவப்புக் கயிறு கோத்த ஒரு எவர்சில்வர் விசிலையும் கையில் கொடுத்தார்கள். சால்வையைப் பீரோவில் வைத்தார். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு தடவை ஊதினால் காபி கொண்டுவர வேண்டும். இரண்டு என்றால் துண்டும் வெந்நீரும். மூன்று ஊதிவிட்டு நேரே வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவார், அதற்குள் இலை விழுந்திருக்க வேண்டும். நீளமாக ஒன்று ஊதினால் வீட்டில் யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்து வரிசையாக நிற்க வேண்டும். வரிசை என்றாலும் நான் ஒருத்திதான். மகன் ராணுவத்தில் ராஜஸ்தானில் இருக்கிறான்.

மூன்று வருடத்துக்கு முன் அவனுக்குக் கல்யாணமாகி உமாதேவி வந்தாள். வரிசை இரண்டானது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதற்கான படிப்பு படித்தவள். வந்த மூன்றாவது மாதமே பாவூர்சத்திரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மாமனாரிடம் ஆசீர்வாதம் வாங்கலாம் என்று கடிதத்தை நீட்டினாள். அவர் அதைப் படிக்கவில்லை. நீளமாக ஒரு விசில் ஊதினார். அவள் கடிதத்தை மடித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஊதுவார், அவ்வளவுதான்.

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அது பேரருவியில் குளிப்பது. சிரிக்காதீர்கள். மேலகரத்திலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் ஊர் ஊராக ஜனங்கள் வண்டி பிடித்து வந்து, எண்ணெய் வழியும் தலையோடு எங்கள் தெரு வழியாகப் போவதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வேன்.

கல்யாணமான மூன்றாம் நாள் ஒரு தடவை போனேன். சீசன் என்பதால் இவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு டூட்டியில் நின்றார். வீட்டுப் பெண்கள் ஆறேழு பேர் என்னை மஞ்சள் தாலியோடு அழைத்துப் போனார்கள். அருவிக்குக் கீழே நான் தலையைக் கொடுத்தேன். தண்ணீர் உச்சியில் விழுந்து காது வரை வந்திருக்கும். விசில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் இவர் என்னை நோக்கி விரலை ஆட்டுகிறார். நான் வெளியே வந்தேன். கூட வந்த பெண்கள் அரை மணி நேரம் குளித்துவிட்டு வந்தார்கள். நான் கம்பி ஓரமாக நடுங்கிக்கொண்டு நின்றேன்.

"சட்டம்னா மொதல்ல நம்ம வீட்டுல இருந்து ஆரம்பிக்கணும்" என்று இதை எல்லாக் கல்யாண வீட்டிலும் பெருமையாகச் சொல்வார். அதன்பிறகு போலீஸ்காரன் பெண்டாட்டி கூட்டத்தோடு நின்று நனையக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. முப்பத்து மூன்று வருடம் அதை நான் மீறவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு குளியல். போதும் என்று என் உடம்பு சொல்லும் வரை ஒரு குளியல்.

இந்த ஆனி மாதம் முதல் சாரல் விழுந்த அன்று, பக்கத்து வீட்டு சாஜிதா வந்தாள். தையல் மெஷின் வைத்திருப்பவள், ஒரு ஆடு வளர்க்கிறாள், பயம் என்பது கிடையாது. "மதினி, ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். உமாவயும் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோம்" என்றாள். துண்டு, சீயக்காய்ப் பொட்டலம், மாற்றுத் துணி எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு மூவரும் வாசல் கேட்டைத் திறந்தோம். பின்னால் நீளமாக விசில் அடித்தது. உமா நின்றாள். நானும் நின்றேன். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து ஹாலில் வரிசையாக நின்றோம். இதில் வேடிக்கை என்னவென்றால் சாஜிதாவும் வந்து நின்றாள். அவளுக்கே அது பிறகுதான் உறைத்தது. "எனக்கு என்னத்துக்கு விசிலு? நான் அடுத்த வீட்டுக்காரில்லா" என்று மறுநாள் முழுக்கப் புலம்பினாள்.

உமா அன்று அடுப்படியில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இவர் அடிக்கடி சொல்லும் ஒரு தொழில் ரகசியம் நினைவுக்கு வந்தது. விருந்தாளிகள் வந்தால், காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சொல்வார்.

"விசில்ல ஒண்ணும் கெடையாது. அருவிக்குள்ள நிக்கவனுக்கு விசில் எங்க கேக்கும்? ஓரத்துல நிக்க மொத ஆளு நகந்தாம்னா அடுத்தவன் நகருவான். அவனப் பாத்து அதுக்கு அடுத்தவன். எல்லாவனும் விசிலுக்குத்தான் நகருதோம்னு நெனச்சுக்கிடுவான். அந்த மொத ஆள மட்டும் நகத்திட்டா போதும்."

எங்கள் வீட்டில் அந்த முதல் ஆள் நான். இது எனக்குப் புரிய ஐம்பத்து நான்கு வயதாகியிருக்கிறது. அன்று சாயங்காலமே உமாவையும் சாஜிதாவையும் உட்கார வைத்துச் சொன்னேன். நாளையிலிருந்து நம் மூவருக்கும் விசில் கேட்காது.

திட்டமிட்டுச் செய்தேனா என்று நீங்கள் கேட்டீர்கள். ஆம். பயிற்சியே எடுத்தோம். விசிலுக்கு நகராமல் இருப்பது சுலபம், இமைக்காமல் இருப்பதுதான் கடினம். சாஜிதா வீட்டுச் சமையலறையில் குக்கரில் சும்மா தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, அதன் முன்னால் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார்ந்தோம். குக்கர் அடிக்கும்போது யார் முகத்திலாவது அசைவு தெரிந்தால் அவளுக்கு ஒரு மிளகாய். முதல் நாள் உமா ஏழு மிளகாய் தின்றாள். நான்காம் நாள் மூவரும் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஆரம்பித்தோம். ஆறு மணிக்கு ஒரு விசில். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், தொடர்ந்து களைந்தேன். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. கடைசியில் அவரே சமையலறை வாசலுக்கு வந்தார். கல்யாணமானதிலிருந்து அந்த வாசலை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க மாட்டார்.

"ஏட்டி, காது அடைச்சுப் போச்சா?"

"என்னங்க, எந்திரிச்சிட்டீங்களா? காபி வேணும்னா ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"ஊதுனேன்லா."

"எப்போ?"

அவர் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று பலமாக ஊதினார். நான் அவர் கன்னம் உப்புவதைப் பார்த்தேன். "என்னங்க, பல்லு வலிக்கா?" என்று கேட்டேன். அன்று நான் மிளகாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

உமாவைக் கூப்பிட்டு ஊதினார். "மாமா, காத்து மட்டுந்தான் வருது" என்றாள். அன்றே விசிலை வெந்நீரில் போட்டுக் கழுவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார். மறுநாள் தென்காசியில் ஒரு கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.

அவருக்குக் கேட்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்கத்தான் செய்தது. அதற்கு உமா ஒரு விளக்கம் வைத்திருந்தாள். ரொம்ப வருடம் ஊதினவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு பிரஷர் திசை மாறிவிடும், சத்தம் வெளியே போகாமல் மண்டைக்குள்ளேயே சுற்றும், அதனால் ஊதுகிறவருக்கு மட்டும் கேட்கும் என்றாள். நடுவில் நாலு இங்கிலீஷ் வார்த்தை போட்டாள். நமக்குப் புரியாத வியாதி என்றால் அது பெரிய வியாதிதானே. இவர் நேரே காது டாக்டரிடம் போனார். காது முதல் தரமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் உமா வருத்தமாகத் தலையாட்டினாள். "காது நல்லாத்தான் இருக்கும் மாமா. அதான பிரச்சினையே. வெளிய போயி ஊதிராதீங்க, நரம்பு தாங்காது."

எங்களுக்கு வந்த ஒரே சோதனை சாஜிதாவின் ஆடு. ஒரு நாள் இவர் கொல்லைப்பக்கம் மதில் ஓரமாக நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மெதுவாக ஊதினார். ஆடு திரும்பிப் பார்த்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஓடி வந்து எங்களை அழைத்தார். "ஆடு கேக்குது, வந்து பாருங்க." நான் உலை கொதிக்கிறது என்று சொல்லிக் கொஞ்சம் தாமதித்தேன். அதற்குள் சாஜிதா ஆட்டைப் பிடித்துப்போய் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துவிட்டாள். அவர் எங்கள் முன்னால் ஊதினார். ஆடு முருங்கை இலையைத் தின்றுகொண்டிருந்தது. ஆட்டுக்கு அதனால் உடல்நலக் குறைவு எதுவும் ஏற்படவில்லை.

இரண்டு மாதத்தில் அவர் மாறிவிட்டார். காபிக்குச் சமையலறைக்கு வந்து கேட்டார். பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று தானே கலக்கிக்கொண்டார். என் பெயரை முழுசாக, அனுசியா என்று சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி. உமா பாவூர்சத்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர் விசிலை எடுத்து உதடு வரை கொண்டுபோனார், பார்த்தார், கீழே விட்டுவிட்டார். அவள் பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

ஒரு மத்தியானம் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். விசிலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அனுசியா, அருவியில ஊதுனேனே, அத்தன வருசம். அதாவது கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமான மூன்றாம் நாள் எனக்கு அது எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பது எனக்கல்லவா தெரியும். "அருவிச் சத்தத்துல எங்கங்க கேக்கும்? எல்லாரும் பக்கத்துல உள்ளவளப் பாத்துத்தான் நகருவோம். நீங்கதான சொல்லுவீங்க" என்றேன். அவர் தலையாட்டினார். அன்று சோறு வேண்டாம் என்றுவிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அன்று வைத்த ரசம் நன்றாக அமைந்திருந்ததால் இரண்டாவது தடவையும் ஊற்றிச் சாப்பிட்டேன்.

இப்போது சம்பவ நாள். ஆவணி முதல் ஞாயிறு. உமாவுக்கு லீவு. பேரருவியில் தண்ணீர் அளவாக விழுகிறது என்று சாஜிதா தகவல் கொண்டுவந்தாள். காலை பத்து மணிக்குப் பையோடு கிளம்பத் தயாரானோம். யாரும் ஊதவில்லை. அதற்குப் பதிலாக இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நானும் வாரேன். பொம்பளையா மட்டும் போகாண்டாம். நான் கம்பி ஓரமா நின்னு பாத்துக்கிடுதேன். வெளிய ஊதக் கூடாதுன்னு உமா சொல்லிச்சு. ஆனா நான் பழகுன எடம்லா, ஒரு தடவ ஊதிப் பாத்துக்கிடுதேன். இதோ, மாடித் தண்ணித் தொட்டியில மிதவ அடைச்சிருக்கு, அத மட்டும் பாத்துட்டு எறங்கி வந்துருதேன்."

கழுத்தில் விசில் இருந்தது. பேரருவியில் ஆயிரம் பேர் நடுவில் அவர் ஊதினால் ஆயிரம் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனை பேர் காதிலும் பஞ்சு வைக்க முடியாது. எங்கள் இரண்டு மாத உழைப்பு அங்கேயே முடிந்துவிடும், என் குளியலும் காது வரை நனைந்ததோடு நின்றுவிடும். இந்தக் கவலையோடுதான் நான் அப்போது நின்றேன்.

எங்கள் மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் தலைமேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஏணி சாத்தித்தான் ஏற வேண்டும். அவர் ஏறினார். பிறகு ஏணி இல்லாமல் போனது. புகாரில் குரங்குகள் தள்ளிவிட்டன என்று இருக்கிறது. எங்கள் தெருவில் குரங்குகள் அதிகம் என்பது உண்மை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நாங்கள் வாசலில் நிற்கும்போது மேலிருந்து விசில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நீளமாக. பிறகு எங்கள் வீட்டுச் சட்டத்தில் இல்லாத ஏதோ ஒரு மாதிரி, விட்டு விட்டு. உமா என்னைப் பார்த்தாள். சாஜிதா என்னைப் பார்த்தாள். இமைக்கவில்லை, இருவருமே நன்றாகத் தேறியிருந்தார்கள்.

"அத்தே," என்றாள் உமா மெதுவாக, "ஏதோ..."

"ஏதோ என்னது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அத்தே."

யோசித்துப் பாருங்கள் மேடம். அந்த நேரத்தில் எங்களுக்கு விசில் கேட்டுவிட்டால், அதற்கு முந்தைய இரண்டு மாதமும் பொய் என்று ஆகிவிடும். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். எனவே கேட்கவில்லை. ஆட்டோ வந்தது, ஏறினோம்.

பேரருவியில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. முதுகில் ஒரு இடம் இருக்கிறது, கை எட்டாது, யாரும் தேய்த்துவிட மாட்டார்கள். அங்கே அருவி தொம் தொம் என்று அடித்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஆய்க்குடிக்காரி ஒருத்தி பயந்து நகர்ந்துகொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, மகன் பிறந்த அன்றுகூட. அன்று பெண்கள் பக்கம் கம்பி ஓரமாக நின்று நான்கு தடவை ஊதியது நீங்கள்தான். பச்சை நைட்டியும் மேலே துண்டும் போட்ட ஒருத்தி மட்டும் நகரவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்தீர்கள். "கேக்கல மேடம்" என்றாள். நேற்று வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை, தலை காய்ந்திருந்ததால் இருக்கலாம். அது நான்தான்.

வீட்டுக்கு வர மூன்று மணி ஆகிவிட்டது. இடையில் நடந்ததை இசக்கி சொல்லித்தான் அறிந்தேன். இசக்கி பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி டெம்போ ஓட்டுகிறவர். இரண்டு மணி வாக்கில் எங்கள் தெரு வழியாகப் போயிருக்கிறார். விசில் சத்தம் கேட்டு, போலீஸ் நிறுத்துகிறது என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு, லைசென்ஸை எடுத்துக்கொண்டு தேடியிருக்கிறார். தொட்டியின் மேல் இவர் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி ஏழெட்டுக் குரங்குகள். ஒன்றிடம் இவர் மூக்குக்கண்ணாடி இருந்திருக்கிறது. இசக்கி மாடிக்குப் போய் ஏணியை எடுத்துச் சாத்தியிருக்கிறார்.

"அண்ணாச்சி, இப்படியா ஊதுவிய? மூணு தெருவுக்குக் கேக்குல்லா."

இதைக் கேட்டதும் இவருக்குக் கோபம் வரவில்லை. கண்ணீர் வந்ததாம். "கேக்கா? ஒனக்குக் கேக்காடே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பாதி ஏணியில் இறங்கும்போது சந்தோஷம் தாங்காமல், இரண்டு கையாலும் விசிலைப் பிடித்து இன்னொரு தடவை ஊதியிருக்கிறார். ஏணியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. விழுந்து கணுக்கால் எலும்பு விரிசல் விட்டது அப்போதுதான். ஆகவே காயத்துக்கு விசில்தான் காரணம், நான் அல்ல. இதை மனுவிலேயே சேர்க்கலாம் என்று சொன்னேன், அவர் சம்மதிக்கவில்லை.

ஏணி பற்றிப் பிறகு எழுதுவதாகச் சொன்னேன். உமாவுக்கும் சாஜிதாவுக்கும் இதில் சம்பந்தம் இல்லை. அவர்கள் குரங்கு என்றுதான் இன்று வரை நம்புகிறார்கள். அவர்கள் வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது, சாரல் விழுகிறதே என்று காய்ந்த துணியை எடுக்க நான் மாடிக்குப் போனேன். அவர் தொட்டிக்குள் தலையை விட்டு மிதவையைத் திருகிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. நான் ஏணியைச் சத்தமில்லாமல் எடுத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் படுக்க வைத்தேன். நின்ற மேனிக்கு விட்டால் யார் மேலாவது விழுந்துவிடும். பிறகு துணியை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டில் பாதி வரும்போது முதல் விசில் அடித்தது. நின்று கேட்டேன். நல்ல சத்தம். அந்த விசிலில் எந்தக் குறையும் இல்லை.

இதற்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும், அவர் கட்டுப் பிரிக்கும் வரை நான் வீட்டில் இருக்க வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆள் கிடையாது. அடிபட்ட காலை ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை தூக்கி இறக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வாயால் சொன்னால் இவர் கேட்கிறவரா? அதனால் விசிலை நான் வாங்கி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஒன்று ஊதினால் காலைத் தூக்குகிறார். இரண்டு ஊதினால் இறக்குகிறார். நீளமாக ஊதினால் மாத்திரையைப் பேசாமல் விழுங்கிவிடுகிறார். இது வைத்தியம். அதிகாரம் செய்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் ஒழிந்துவிட்டது.

கடைசியாக ஒரு சின்ன உதவி. இன்று காலை வெந்நீர் ஒத்தடத்துக்குப் பை வேண்டியிருந்தது. இங்கிருந்து கத்துவானேன் என்று உமாவை நோக்கி ஒரு விசில் ஊதினேன். அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தொடர்ந்து பார்த்தாள். மறுபடி ஊதினேன். பக்கத்தில் போய் ஊதினேன். நிமிர்ந்து, "என்ன அத்தே, பல்லு வலிக்கா?" என்று கேட்டாள்.

"விசில் ஊதுனேன்லா, கேக்கலையா?"

"விசிலா? கேக்கலியே அத்தே."

மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து சாஜிதாவிடம் கேட்டேன். "எனக்கும் ஒண்ணும் கேக்கல மதினி" என்றாள். ஆடுகூடத் திரும்பவில்லை. பாவம், இரண்டு பேருக்கும் சின்ன வயதுதான், ஒரே சமயத்தில் இப்படிக் காது மந்தமாகிவிட்டது. தென்காசியில் நல்ல காது டாக்டர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அடுத்து வரும்போது பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். நானும் விசிலை வெந்நீரில் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். நாளைக்குக் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி ஊதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.